போன் நம்பர் இல்லாத நண்பர்கள்

2020 மே மாதம் தமிழ்நாட்டில், கொரோனா ஊரடங்கில் மூடியிருந்த டீக்கடைகளைத் திறக்கலாம் என்று அரசு அறிவித்தபோது ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. பார்சல் மட்டும். கடையில் நின்றோ உட்கார்ந்தோ குடிக்கக் கூடாது. பாய்லர் மறுபடி சூடேறியது. மாஸ்டர் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஆற்றினார். தூக்குவாளி கொண்டுவந்தவர்களுக்கு அதிலும், மற்றவர்களுக்கு முடிச்சுப் போட்ட பையிலும் டீ போனது. பெஞ்ச் மட்டும் கடைக்குள் கவிழ்ந்து கிடந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் டம்ளரில் ஊற்றிக் குடித்தவர்கள் பலர் சொன்ன குறை ஒன்றுதான்: கடை டீ மாதிரி இல்லை.

அதே பால், அதே தூள், அதே மாஸ்டர். கொஞ்சம் ஆறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பவரிடம் "என்னண்ணே, இன்னைக்கும் மழை ஏமாத்திடுச்சே" என்று சொல்லும் ஐந்து நிமிடத்தைப் பையில் முடிச்சுப் போட முடியாது. ஊரடங்கு தளரத் தளர மக்கள் எதையெல்லாம் தேடிப் போனார்கள் என்று இப்போது திரும்பிப் பார்த்தால், பெரிய கொண்டாட்டங்களைவிட இந்த மாதிரிச் சில்லறைச் சந்திப்புகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. அது ஏன் என்பதற்கு உளவியலிலும் சமூகவியலிலும் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது.

காணாமல் போனவர்கள் யார்?

ஊரடங்கில் மனிதர்களைப் பிரிந்திருந்தோம் என்று பொதுவாகச் சொல்கிறோம். எல்லோரையும் பிரியவில்லை. குடும்பம் வீட்டிலேயே இருந்தது. சில வீடுகளில் தேவைக்கு மேலேயே இருந்தது. நெருங்கிய நண்பர்கள் போனில் வந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளி வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டவர்கள்கூட அடிக்கடி கூப்பிட்டு உடம்பை விசாரித்தார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பேத்தி வீடியோவில் தவழ்ந்து காட்டினாள்.

காணாமல் போனவர்கள் வேறு வகை. தினமும் ஒரே பஸ்ஸில் பார்க்கும் கண்டக்டர். முழம் அளக்கும்போது கையை ஒரு சுற்று கூடுதலாகப் போடும் பூக்கார அம்மா. காலை நடையில் எதிரே வந்து தலையசைக்கும் மனிதர். அலுவலகத்தில் வேறு செக்‌ஷனில் இருந்துகொண்டு கேன்டீனில் மட்டும் கிரிக்கெட் பேசுகிறவர். கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர். சுருக்கமாக, யாருடைய போன் நம்பர் நம்மிடம் இல்லையோ அவர்கள். நம்பர் இருந்திருந்தாலும் என்ன சொல்லிக் கூப்பிடுவது? "சும்மாதான் கூப்பிட்டேன், தலையசைக்கலாம்னு" என்றா?

இந்த உறவுகளுக்குப் பெயரோ முகவரியோ தேவைப்படாததால், அவை அறுந்தால் அறுந்தது தெரிவதில்லை. 2021இன் இரண்டாம் அலைக்குப் பிறகு பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் நடைப்பயிற்சி மறுபடி தொடங்கியபோது பல குழுக்களில் ஒருவர் இருவர் குறைந்திருந்தார்கள். அந்த வெள்ளைத் தொப்பிக்காரர் மகன் வீட்டோடு போய்விட்டாரா, வெளியே வர இன்னும் பயப்படுகிறாரா, அல்லது இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது? வீடு எந்தத் தெரு என்றே தெரியாது.

அரைகுறைப் பழக்கத்தின் பயன்

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பாஸ்டனை ஒட்டிய ஊரொன்றில் புதிதாக வேலை கிடைத்தவர்களிடம், தகவல் யார் மூலம் வந்தது என்று கேட்டார். பழகியவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர், தகவல் சொன்ன ஆளை எப்போதாவதுதான் சந்திப்பதாகச் சொன்னார்கள். உயிர் நண்பர்கள் பங்கு குறைவாக இருந்தது. காரணம் எளிது. நமக்கு நெருங்கியவர்கள் நாம் இருக்கும் வட்டத்திலேயே இருக்கிறார்கள். நமக்குத் தெரிந்ததுதான் அவர்களுக்கும் தெரியும். புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்து வர வேண்டும். இரண்டு வட்டத்துக்கும் நடுவே நிற்கிறவர் அரைகுறையாகப் பழகிய ஆள்தான்.

நம் ஊரில் இதை ஆராய்ந்து நிறுவ வேண்டியதில்லை. எந்த மனை விலைக்கு வருகிறது, எந்த மருத்துவர் தேவையில்லாமல் ஸ்கேன் எழுதமாட்டார், யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் பெஞ்சில்தான் கைமாறும். ஒரு நாளிதழ் தன் அரசியல் கிசுகிசுப் பகுதிக்கு டீக்கடை பெஞ்ச் என்றே பெயர் வைத்துப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது.

ஆனால் இது பயனைப் பற்றிய பேச்சு. மகிழ்ச்சி வேறு கணக்கு. கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் என்ற உளவியலாளர் டொராண்டோவில் படித்த நாட்களில், போகிற வழியில் ஹாட் டாக் விற்ற ஒரு பெண்மணியைப் பார்த்துத் தினமும் புன்னகைத்துக் கையசைப்பார். அவரிடம் எதுவும் வாங்கியதில்லை. ஆனாலும் அவர் வராத நாளில் ஏதோ குறைவது போல இருந்ததாம். இதை ஏன் ஆராயக் கூடாது என்று தோன்ற, எலிசபெத் டன் என்பவரோடு சேர்ந்து கனடாவில் ஒரு காபிக் கடையில் சோதனை நடத்தினார். முடிவுகள் 2014இல் வெளியாயின. கடைக்குள் போகிறவர்களில் ஒரு பாதியிடம், காபி தருகிறவரோடு கண்பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரச் சொன்னார்கள். மற்றவர்களிடம் காசைத் தயாராக வைத்துக்கொண்டு வளவளவென்று பேசாமல் வாங்கிவரச் சொன்னார்கள். பேசியவர்கள் வெளியே வரும்போது கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தாம் தனியாள் இல்லை என்ற எண்ணமும் அவர்களிடம் அதிகமாக இருந்தது.

அதே 2014இல் சிகாகோவில் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் ரயில், பஸ் பயணிகளிடம் செய்த சோதனை இன்னும் சுவாரசியமானது. பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளிடம் பேசிக்கொண்டு போனால் பயணம் எப்படி இருக்கும் என்று கேட்டால், தனியாக இருப்பதே சுகம் என்றார்கள். பேசவைத்துப் பார்த்தால் பேசியவர்களுக்கே பயணம் இனித்தது. நமக்கு எது பிடிக்கும் என்று நாம் போடும் கணக்கு இந்த விஷயத்தில் தப்பிவிடுகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் ரயிலில் ஒரு காலத்தில் இந்தச் சோதனையே தேவைப்பட்டிருக்காது. திண்டுக்கல் தாண்டுவதற்குள் எதிர் சீட்டு அம்மா புளியோதரையைப் பிரித்து, நம் சம்பளத்தையும் கேட்டு முடித்திருப்பார். இப்போது அங்கேயும் எல்லார் காதிலும் இயர்போன்.

தனிமையைப் பசி என்று சொல்வது வெறும் உவமை அல்ல என்று காட்டும் ஆய்வு ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிவியா டொமோவாவும் ரெபெக்கா சாக்ஸும் மற்றவர்களும் 40 பேரைப் பத்து மணி நேரம், போனும் இல்லாமல், தனி அறையில் இருக்கவைத்தார்கள். வேறொரு நாள் அதே ஆட்களைப் பத்து மணி நேரம் பட்டினி போட்டார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்துகொண்டே படங்களைக் காட்டினார்கள். பட்டினி கிடந்தபோது சாப்பாட்டுப் படத்தைப் பார்த்து மூளையின் நடுப்பகுதி எப்படித் துடித்ததோ, தனித்திருந்தபோது மனிதர்கள் கூடிச் சிரிக்கும் படத்தைப் பார்த்தும் கிட்டத்தட்ட அப்படியே துடித்தது. சோதனை கொரோனாவுக்கு முன்பே நடந்தது. கட்டுரை அச்சானது 2020 நவம்பரில். அதற்குள் உலகமே அந்தத் தனி அறையில் இருந்துவிட்டு வந்திருந்தது.

வீடியோ கால் ஏன் போதவில்லை?

நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது. உலகின் பத்து மொழிகளை எடுத்துக்கொண்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், மொழிக்கு மொழி சிறு வேறுபாடு இருந்தாலும், சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலேயே அந்த இடைவெளி நின்றது. எதிரில் இருப்பவர் முடிக்கப்போகிறார் என்பதைக் குரலின் இறக்கத்திலும் கண்ணிலும் மூச்சிலும் படித்து முன்கூட்டியே வாயைத் திறக்கிறோம். இணைய அழைப்பில் குரல் அரை நொடி தாமதித்து வந்தால்கூட இந்தத் தாளம் கெட்டுவிடும். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், "நீ சொல்லு", "இல்ல, நீங்க சொல்லுங்க". ஒரு மணி நேரம் இப்படிப் பேசினால் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று, சிரிப்பு. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் மனிதச் சிரிப்பைக் கவனித்து, தனியாக இருக்கும்போது சிரிப்பதைப் போல 30 மடங்கு அதிகமாக ஆட்களோடு இருக்கும்போது சிரிக்கிறோம் என்று கணக்கிட்டார். அதிலும் பெரும்பாலான சிரிப்பு நகைச்சுவைக்காக வருவதில்லை. "சரி, பார்ப்போம்", "அப்போ வரட்டா" போன்ற சாதாரணப் பேச்சுக்கு நடுவே வருகிறது. திரையில் மியூட் போட்டு உட்கார்ந்திருக்கும் பத்துப் பேர் சிரித்தாலும் ஒருவர் சிரிப்பு மற்றவர் காதில் விழாது.

ஆனாலும் அடிப்படைக் காரணம் தொழில்நுட்பம் இல்லை என்றே நினைக்கிறேன். போன் செய்ய ஒரு விஷயம் வேண்டும். டீக்கடையில் நிற்க விஷயம் எதுவும் வேண்டாம், டீ போதும். சில்லறைச் சந்திப்புகள் நிகழ மூன்று தேவைப்படுகின்றன: இருவரும் வந்து சேரும் ஓர் இடம், இருவருக்கும் பொருந்தும் ஒரு நேரம், அங்கே நிற்பதற்கு ஒரு சாக்கு. ரே ஓல்டன்பர்க் என்ற சமூகவியலாளர் 1989இல் எழுதிய நூலில் வீட்டை முதல் இடம், வேலையை இரண்டாம் இடம் என்று வைத்து, யார் யாரையும் அழைக்காமலே வந்து கூடும் காபிக் கடை, முடிதிருத்தும் கடை போன்றவற்றை மூன்றாம் இடம் என்றார். ஊரடங்கு முதல் இடத்துக்குள் இரண்டாம் இடத்தை நுழைத்தது. மூன்றாம் இடத்தைப் பூட்டிவிட்டது.

எது எப்போது திரும்பியது?

திரும்பிய வரிசையைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 2020 செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் வணிக வளாகங்கள் திறந்தன. கோயில்களும் மசூதிகளும் தேவாலயங்களும் திறந்தன. மாவட்டத்துக்குள் பஸ் ஓடியது. நவம்பர் 10இல் பாதி இருக்கைகளோடு சினிமா தியேட்டர்கள் திறந்தன. மெரினா கடற்கரை டிசம்பர் 14இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. அதற்கும் நீதிமன்றம் எப்போது என்று கேட்க வேண்டியிருந்தது. குளிரூட்டிய வளாகத்துக்குள் மூன்றரை மாதமாக ஆட்கள் உலாவிக்கொண்டிருக்க, கடல்காற்று வீசும் மணல்வெளி பூட்டிக் கிடந்தது.

கிருமி எப்படிப் பரவுகிறது என்ற புரிதல் தாமதமானதுதான் இதற்குக் காரணம். 2020 மார்ச் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் இந்த நோய் காற்றில் பரவுவதல்ல என்று அடித்துச் சொன்னது. தும்மல் துளிகளும் தொட்ட பரப்புகளுமே பிரதானம் என்று எண்ணிக் காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். மூச்சில் வெளியேறும் நுண்துகள்கள் அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், திறந்த வெளியில் கலைந்துபோகும் என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட 2021 ஆயிற்று. அதற்குள் ஓராண்டு போய்விட்டது. அரசமரத்தடி பெஞ்சும், கோயில் தெப்பக்குளப் படியும், கடற்கரை மணலும் ஒப்பளவில் குறைந்த ஆபத்துள்ள இடங்கள். முகக்கவசமும் சிறிது இடைவெளியும் இருந்திருந்தால் அவற்றை இன்னும் முன்னதாகவே திறந்துவிட்டிருக்கலாம்.

தியேட்டர் கதை வேறு. 2020 தீபாவளிக்குக் கதவு திறந்திருந்தும் கூட்டம் வரவில்லை. சூரரைப் போற்று அந்த வாரமே நேராக அமேசான் பிரைமில் வந்துவிட்டது. 2021 பொங்கலுக்கு மாஸ்டர் படம் வந்தபோதுதான் வாசலில் பட்டாசு வெடித்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு முழு இருக்கைகளுக்கும் அனுமதி என்று மாநில அரசு உத்தரவிட்டது, மருத்துவர்கள் எதிர்த்தார்கள், மத்திய அரசு கூடாது என்று எழுதியது, உத்தரவு வாபஸ் ஆனது. ஒரு சீட் விட்டு ஒரு சீட் உட்கார்ந்து விசில் அடித்தவர்களை அன்று பலரும் திட்டினார்கள். நோயின் கண்ணில் பார்த்தால் திட்டியது நியாயமே. ஆனால் அவர்கள் தேடி வந்தது படத்தை மட்டுமல்ல. ஹீரோ நுழையும்போது பின்சீட்டில் யாரோ பெயர் தெரியாதவன் கத்தினால்தான் நமக்கும் மயிர்க்கூச்செறியும். வீட்டு சோபாவில் அந்தக் கத்தலுக்கு ஆளில்லை. எல்லா அரங்கமும் தாக்குப்பிடிக்கவில்லை. தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020இலேயே மூடப்பட்டது. மறுபக்கம், 2022 செப்டம்பர் 30இல் பொன்னியின் செல்வன் முதல் பாகம் வந்தபோது, நாவலைத் தொடராகப் படித்த தலைமுறையின் பாட்டிமார்கள் கைத்தாங்கலாகப் படியேறி வந்தார்கள்.

பந்தியில் பக்கத்து இலை

கல்யாணத்துக்கு 50 பேர் என்ற கட்டுப்பாடு வந்தபோது செலவு மிச்சம் என்று மகிழ்ந்த தகப்பன்மார்கள் உண்டு. யாரை விடுவது என்று பட்டியல் போட உட்கார்ந்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. மாமன், சித்தப்பா, அத்தை என்று எண்ணினாலே 50 நிறைந்துவிடும். விட்டுப்போனவர்கள் இரண்டாம் சுற்று உறவு: பெரியம்மாவின் நாத்தனார், தாத்தாவோடு ஒரே ஆபீசில் இருந்தவரின் பிள்ளை, பழைய வீட்டு ஓனர். இவர்களைக் கல்யாணத்தில்தான் பார்ப்போம்; பார்க்க வேறு சாக்கே கிடையாது.

முகூர்த்தம் யூடியூபில் நேரலையாக வந்தது. பத்திரிகையில் மொய்க்கு கியூஆர் கோடு அச்சிட்டார்கள். சில வீடுகளில் கல்யாணச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டி, வாழையிலையும் சேர்த்து, உறவினர் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள். சாம்பார், வத்தக்குழம்பு, பாயசம், அப்பளம் எதிலும் குறை இல்லை. எல்லாம் இருந்தும் அது பார்சல் டீயின் பெரிய பதிப்பாகத்தான் இருந்தது. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் யார் வருவார் என்று நமக்குத் தெரியாது. வந்து அமர்ந்தவர் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, "நீ அம்பாசமுத்திரத்து மாமா பேரன்தானே? உன்னைத் தூக்கி வளர்த்தவடா நான்" என்பார். அந்த மாமா எந்த மாமா என்று கண்டுபிடிப்பதற்குள் ரசம் வந்துவிடும். உறவுமுறை என்ற பெரிய வலை நூலறுந்துபோகாமல் இருப்பது இந்த மாதிரிப் பந்திகளில்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கமும் தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி பக்கமும் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்தை இங்கே சொல்லாமல் முடியாது. கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமல், பணம் திரட்டுவதற்கென்றே கறிச்சோறு போட்டு ஊரைக் கூப்பிடுவார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் ஏறும். அவர் வீட்டு முறை வரும்போது வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்ப வேண்டும். வட்டிக்காரரிடம் போகாமல் கிணறு வெட்டவும் பிள்ளையைப் படிக்கவைக்கவும் கடை போடவும் முதல் கிடைக்கும் வழி அது. 2020இல் கூட்டம் கூடத் தடை என்றதும் விருந்துகள் முடங்கின. சந்திப்பு நின்றதும் கடனும் நின்றது; நோட்டில் வரவேண்டிய பாக்கி வராமல் பலர் தவித்தார்கள். சாப்பிட்டுப் பேசிச் சிரித்துவிட்டுப் போவது வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்களுக்கு இதைவிடக் கணக்குச் சுத்தமான பதில் கிடைக்காது.

கூட்டம் திரும்பியபோது அதன் ஆபத்தும் திரும்பியது. மதுரைச் சித்திரைத் திருவிழா 2020இலும் 2021இலும் பக்தர்கள் இல்லாமல் கழிந்தது. மீனாட்சி திருக்கல்யாணத்தை மக்கள் திரையில் பார்த்தார்கள். 2022 ஏப்ரல் 16இல் அழகர் வைகையில் இறங்கியபோது இரண்டாண்டு ஏக்கமும் சேர்ந்து ஆற்றுக்குள் இறங்கியது. அந்த நெரிசலில் இருவர் இறந்தார்கள்.

முதல் கிளாஸும் பத்தாவது கிளாஸும்

சிலருக்கு எல்லாம் திறந்த பிறகும் ருசி திரும்பவில்லை. இது உடல் சார்ந்தது. கொரோனா வந்தவர்களில் பலருக்கு வாசனை போனது. நுகரும் நரம்பைவிட அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைக் கிருமி தாக்குவதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியானது. சிலருக்கு மீண்டுவரும்போது தாறுமாறாக மீண்டது: காபி கருகிய நாற்றம் அடித்தது, வெங்காயம் வதக்கினால் குமட்டியது. பந்தியில் எல்லோரும் ரசித்துச் சாப்பிட, அவர்கள் மட்டும் மோரை ஊற்றிப் பிசைந்து எழுந்தார்கள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகும் பயிற்சி சிலருக்குக் கைகொடுத்தது.

மற்றவர்களுக்கு நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். மாதக்கணக்காகத் தள்ளிவைத்த பிறகு கண்ணாடிக் கிளாஸில் குடித்த முதல் டீ அமிர்தமாக இருந்தது. பத்தாவது டீ, டீயாக இருந்தது. எந்த இன்பமும் தினப்படி ஆனதும் மனம் அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். இதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. தினமும் அமிர்தமாக இருந்தால் வேலைக்கு யார் போவது?

கவனிக்க வேண்டியது வேறு. இடம், நேரம், சாக்கு என்ற மூன்றில் இடம் முதலில் திரும்பியது. மற்ற இரண்டும் பலருக்கு முழுதாகத் திரும்பவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்றானவருக்கு நான்கு மணி கேன்டீன் டீ இல்லை. மளிகையும் காய்கறியும் செயலியில் வந்துவிடுவதால் கடைத்தெருவுக்குப் போகச் சாக்கு இல்லை. மின்கட்டணம் கட்ட வரிசையில் நின்று அரசாங்கத்தைத் திட்டும் வாய்ப்பும் போனது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் வசதி. சேர்த்துப் பார்த்தால், நாள் முழுவதும் வீட்டு ஆட்களைத் தவிர வேறு ஒருவரிடமும் வாயைத் திறக்காமல் இருக்க முடிகிறது. இதில் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் வயதானவர்கள். நோய்ப் பயத்தில் முதலில் உள்ளே போனவர்கள் அவர்கள்; எல்லோருக்கும் கடைசியாக வெளியே வந்தவர்களும் அவர்களே. சிலர் வரவே இல்லை. டிவி சீரியலும் வாட்ஸ்அப்பும் போதும் என்கிறார்கள். சிகாகோ பயணிகளும் தனியாக இருப்பதே சுகம் என்றுதான் சொன்னார்கள்.

மறுபடி தொடங்க நினைப்பவர்களுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். புது நண்பர்களைத் தேடுவதைவிட, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருப்பது நல்ல வழி. முகம் பழகுவதற்குத் திரும்பத் திரும்பத் தென்படுவதே போதுமானது. பாலை வீட்டு வாசலில் போடச் சொல்லாமல் ஆவின் பூத்துக்கு நடந்து போய் வாங்கலாம். டீயைப் பார்சல் சொல்லாமல் கிளாஸில் வாங்கி நின்று குடிக்கலாம், போனைப் பைக்குள் வைத்துவிட்டு. முதல் வார்த்தைக்கு வெயில், மழை, கரண்ட் கட், கிரிக்கெட் ஸ்கோர் எதுவும் ஆகும். அதில் புதுச் செய்தி எதுவும் இருக்க வேண்டியதில்லை.

வீட்டில் அப்படி உள்ளேயே தங்கிவிட்ட அப்பாவோ மாமியாரோ இருந்தால், "வெளியே போயிட்டு வாங்களேன்" என்று சொல்வதில் பலன் இருக்காது. ஏன் போக வேண்டும் என்பார்கள், நியாயமாகத்தான். முதல் நாள் கூட ஒருவர் பூங்கா வரையோ கோயில் வரையோ போக வேண்டும். பழைய பெஞ்சில் மிச்சமிருப்பவர்கள் எப்படியும், "எங்க சார், ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்று பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கதையை ஒரே நாளில் சொல்லி முடிக்க முடியாது. மறுநாள் போக அவர்களுக்கே ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.